பத்தரை கிலோ உப்பு

கள்ளக்குறிச்சியில் கோமுகி ஆறு உண்டு, கல்வராயன் மலையில் அருவி உண்டு. அலை பார்க்கணும் என்றால் கடலூருக்கோ பாண்டிக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நம்ம நண்பர் அஞ்சாலை வளர்க்கக் கிளம்பினார். பாறை இடுக்கில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குமே, பாம்பு மாதிரி, அந்த மீன். (பயப்படாதீர்கள், மூச்சு விடத்தான் வாயைத் திறக்கிறது.)

புள்ளி போட்ட சின்ன ஜாதிக்கே 300 லிட்டர் தொட்டி வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆக பத்தரை கிலோ. மளிகைக்கடை உப்பு உதவாது. மெக்னீசியம், கால்சியம் எல்லாம் சேர்ந்த தனி உப்பு.

இதெல்லாம் சுலபம். அப்புறம் ஆறு வாரம் மீனே விடக்கூடாது! கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முதலில் குடியேறணுமாம். மாமனார் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். "மீன் எங்கே மாப்ளே?"

ரோஷத்தில் இரண்டாம் வாரமே ஒரு கோமாளி மீனை விட்டார். மூன்றாம் நாள் மிதந்தது. மனுஷன் அன்று சாப்பிடவில்லை. ரோமாபுரியில் க்ராஸஸ் என்ற பேச்சாளர், வளர்த்த அஞ்சாலை செத்ததும் அழுதாராம். கேலி செய்தவரிடம், "நீ மூணு பெண்டாட்டியைப் புதைத்தும் அழலையே" என்றாராம். ஆறுதலாகச் சொன்னேன். நண்பரின் மனைவி ரசிக்கவில்லை.

பிறகு ஒழுங்காகக் காத்திருந்தார். அஞ்சாலை வந்தாச்சு. தப்பிப்பதில் கில்லாடி என்பதால் மூடிமேல் இரண்டு செங்கல், ஒயர் ஓட்டையில் வலை, கரண்ட் போனால் பாட்டரி பம்ப்.

பகலெல்லாம் குழாய்க்குள் படுத்திருக்கிறது. மாமனார் இன்னமும் கேட்கிறார்: "மீன் எங்கே மாப்ளே?"