"வயசானா அப்படித்தான்"னு சொல்றதை நிறுத்துங்க

1/ அடக்க முடியாம சிறுநீர் போகுதுன்னு ஒரு அம்மா சொன்னா, நம்ம கொங்குப் பக்கம் வீட்ல வர்ற முதல் பதில்: "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இது பொய்ங்க. இந்தப் பொய்யால வைத்தியமே பார்க்காம எத்தனையோ பேர் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கிறாங்க.

2/ இருமினா, தும்மினா கசியுதா? சிறுநீர்ப்பையைத் தாங்குற அடித்தசை தளர்ந்திருக்கலாம். பிரசவமான 25 வயசுப் பொண்ணுக்கும் இது வரும். திடீர்னு முட்டி, பாத்ரூம் போறதுக்குள்ள போயிடுதா? அது வேற பிரச்சினை. ஆம்பளைங்களுக்குச் சொட்டுச் சொட்டா ஒழுகுதா? புராஸ்டேட் வீங்கி, பை நிறைஞ்சு வழியலாம். சர்க்கரை, கிருமித்தொற்று, நீர் மாத்திரையும் காரணமாகலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

3/ மலக்கசிவைப் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்ல. படுக்கையில இருக்கிற பெரியவருக்குத் தண்ணியா ஒழுகினா உடனே பேதி மாத்திரை குடுக்காதீங்க. உள்ளே கெட்டிப்பட்ட மலம் அடைச்சு, அதைச் சுத்தி ஒழுகுறதா இருக்கலாம். பேதியை நிறுத்துற மாத்திரை அதை இன்னும் மோசமாக்கும்.

4/ கல்யாணம், பஸ் பயணம்னா முந்தின நாளே தண்ணியைக் குறைக்கிறாங்க. தப்புங்க. அடர்ந்த சிறுநீர் பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கலும் சேரும்.

5/ இருமல், தும்மல் கசிவுக்கு முதல் வைத்தியம் பயிற்சி. சிறுநீரை அடக்குற மாதிரி அந்தத் தசையை இறுக்கிப் பிடிச்சு விடணும். 8 தடவை, தினம் 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். சிறுநீர் போகும்போது செய்யாதீங்க. டயப்பர் துணியைக் காப்பாத்தும், காரணத்தைக் கண்டுபிடிக்காது.

6/ அவமானம் மட்டும் இல்ல, ஆபத்தும் இருக்கு. ராத்திரி அவசரமா ஓடி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியுறவங்க உண்டு.

7/ 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி, சர்க்கரை பார்க்க வீட்டு வாசலுக்கே வர்றாங்க. நல்ல திட்டம். அதே வாசல்ல "சிறுநீர், மலம் கசியுதுங்களா?"ன்னும் ஒவ்வொரு வீட்லயும் கேட்கணும். கேட்காம யாரும் சொல்ல மாட்டாங்க.

8/ திடீர்னு கால் மரத்து, தொடையிடுக்குல உணர்வு போய், சிறுநீர் அடைச்சுக்கிட்டாலோ ஒழுகினாலோ அன்னைக்கே அவசரப் பிரிவுக்கு வாங்க. சிறுநீர்ல ரத்தம் வந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

9/ மத்தவங்க பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு வாங்க. பெரியவங்க தானா வர மாட்டாங்க, நீங்கதான் கூட்டிட்டு வரணும். உள்ளே வந்ததும் அவங்களைப் பேச விடுங்க. "வயசாயிருச்சுங்க டாக்டர்"னு நீங்க முந்திக்காதீங்க.