பயணத்திற் கண்ணோட்டம்

வீட்டில் ஒருவன் காட்டும் பணிவு பெற்றோருக்கு அஞ்சியதாக இருக்கலாம். பள்ளியில் காட்டும் பணிவு ஆசிரியருக்கு அஞ்சியதாக இருக்கலாம். தன்னை இன்னான் என்று அறியாதார் நடுவில், சிறிது பொழுதே உடனிருந்து பிரிந்து போவார் நடுவில், அவன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதே அவனது பண்பை அளக்கும் கோலாகும். அத்தகைய இடங்களுள் தலையாயவை பேருந்தும் தொடர்வண்டியும் ஆம்.

1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசாவுக்குத் தென்னாட்டின் முதற் பயணியர் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. அதுவரை கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் உற்றார் உறவினருடன் வழிநடந்த மக்கள், முன்பின் அறியாதாரோடு ஒரே பலகையில் அமர்ந்து செல்லக் கற்கவேண்டியவராயினர். அக்கல்வி இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை எந்த நகரப் பேருந்தில் ஏறினாலும் காணலாம்.

காலை எட்டரை மணி. பேருந்தில் நிற்பதற்கும் இடம் அரிதாக இருக்கின்றது. கீரைக் கூடையை இடுப்பில் ஏந்தி மூதாட்டி ஒருத்தி ஏறுகின்றாள். அமர்ந்திருப்போர் சிலர் கைப்பேசியினின்றும் தலை நிமிர்த்தவில்லை. அதுவரை சாளரத்தின் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், மூதாட்டி அருகில் வந்ததும் கண்களை இறுக மூடிக்கொள்கின்றான். பேருந்து குலுங்கி நிற்க, அவள் தடுமாறுகின்றாள். இரண்டு வரிசைக்கு அப்பால் இருந்த பள்ளிச் சிறுமி விரைந்தெழுந்து, கூடையைத் தான் வாங்கிக்கொண்டு, “இங்கே உட்காருங்கள், பாட்டி” என்கின்றாள். இளைஞனோ, தான் இறங்கவேண்டிய இடம் வந்ததும் எவரும் எழுப்பாமலே விழித்துக்கொள்கின்றான்!

அச்சிறுமியிடம் இருந்ததும் அவ்விளைஞனிடம் இல்லாததும் யாது? அதனைத் திருவள்ளுவர் ‘கண்ணோட்டம்’ என்பர். இக்காலத்தார் அச்சொல்லை ‘ஒரு பொருளை நோக்கும் முறை’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். பிறரைக் கண்டவிடத்துக் கண் அவர்மேல் ஓட, அதன்வழி நெஞ்சமும் இரங்கிச் செல்லுதலே அதன் பழம்பொருள். திருக்குறளின் 58-ஆம் அதிகாரம் அப்பெயரே பெற்றுள்ளது. அரசர்க்குரிய பகுதியில் அஃது அமைந்திருப்பினும், அப்பண்பு அரசர்க்கு மட்டும் உரியதன்று. கண்ணை மூடிக்கொண்டவன் கண்ணோட்டத்திற்கு வழியையே அடைத்துவிடுகின்றான்.

“நானும் கட்டணம் கொடுத்திருக்கின்றேன், முன்னே வந்தேன், நான் ஏன் எழவேண்டும்?” என்று கேட்பார் உளர். அவர் கூறுவது வழக்கு நெறியில் உண்மையே. எழுந்திராதவரைத் தண்டிக்க இயலாது. எனினும், உரிமை உள்ளவன் விட்டுக்கொடுப்பதற்கே ஈகை என்று பெயர். தனக்கு உரிமையில்லாத ஒன்றை எவன் ஈய இயலும்?

முதலாழ்வார் மூவரைப் பற்றி வழங்கும் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. திருக்கோவலூரில் மழை பொழியும் இரவொன்றில் பொய்கையார் ஒரு சிறிய இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தார் வந்து இடம் வேண்டினார். படுத்திருந்தவர் எழுந்து அமர, இருவரும் அமர்ந்திருந்தனர். பின்னர்ப் பேயார் வந்தார். இருவரும் எழ, மூவரும் நின்றனர். இடைகழி ஓர் அங்குலமும் விரியவில்லை; ஆயினும் மூவருக்கும் இடம் கிடைத்தது. நெரிசல் மிக்க பேருந்துக்கு இதனினும் சிறந்த பாடம் வேறுண்டோ?

இருக்கையை விட்டுக்கொடுத்தல் ஒன்றே பயணப் பண்பு ஆகிவிடாது. இறங்குவோர் இறங்கியபின் ஏறுதல், முதுகில் தொங்கும் புத்தகப் பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுதல், கைப்பேசியின் பாட்டைத் தன் செவியளவில் நிறுத்துதல், சாளரத்தின் வழியே எச்சில் உமிழாமை, நடத்துநருக்கு இயன்றவரை சில்லறையாகக் கொடுத்தல் ஆகியவை எளிய செயல்களே. இவற்றிற்குப் பொருட்செலவும் இல்லை. படிக்கட்டில் தொங்கிச் செல்லுதலை வீரமென எண்ணும் மாணவர், தம் உயிரோடு ஓட்டுநரின் மன அமைதியையும் தம் தாயின் வாழ்வையும் பணயம் வைக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் நகரச் சாதாரணப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பெற்றது. அவ்வாறு செல்வாரை ஏளனமாக நோக்குதலும் பேசுதலும் கொடிய பண்பின்மையாகும். துணி வாங்கும்பொழுதெல்லாம் வரி கொடுக்கும் மக்களுள் அவரும் அடங்குவர் அன்றோ?

கண்ணோட்டத்திற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அமர்ந்திருக்கும் இளையோர் எல்லாரும் வன்னெஞ்சர் அல்லர். இரவு முழுதும் ஆலையில் உழைத்து மீள்பவன் உண்மையாகவே உறங்கலாம். வெளிக்குத் தோன்றாத நோயுடையவளும் அங்கு இருக்கலாம். ஆதலின், “எழுந்திரு” என்று அதட்டுதல் தகாது, “சற்று இடம் தர இயலுமா?” என்று வினவுதலே தகும். மோசிகீரனார் என்னும் புலவர் வழிநடை வருத்தத்தால், இன்னதென்று அறியாமல் முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். அது வாளால் ஒறுக்கத்தக்க குற்றம். ஆயினும், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரது களைப்பைக் கண்டு, எழுப்பாமல் நின்று கவரி வீசினான் எனப் புறநானூறு காட்டுகின்றது. நிற்பவரின் துன்பத்தைக் காணும் கண், இருப்பவரின் துன்பத்தையும் காணவேண்டும்.

முதியோர்க்கும் மகளிர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் எனச் சில இருக்கைகள் மீது அரசு எழுதி வைத்திருக்கின்றது. எழுத்து இருக்கையைத்தான் காட்டும். எழுந்து நிற்கச் செய்வது நெஞ்சமே. நாளைக் காலை பள்ளிக்குப் பேருந்தில் வரும் மாணவர் ஒவ்வொருவரும், ஏறியவுடன் ஒருமுறை தலை நிமிர்ந்து சுற்றிலும் நோக்குவாராக. பின்னர்ச் செய்யவேண்டுவது இன்னதென்று அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.