புகை டெஸ்டில் பாஸ்... மேட்டில் ஏறினால் கரும்புகை! டர்போ கார்களில் 'மேப்' விளையாட்டு: மாட்டுவது செகண்ட் ஹேண்ட் டிரைவர்

கோவை:

ரேஸ் என்றாலே கோவைதான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிற ஊரில் இன்ஜினை முறுக்கேற்றத் தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. டிராக்கில் ஓடும் காருக்கு அந்த வித்தை தேவை. அதே வித்தையை அவிநாசி ரோட்டில் ஓடும் காருக்கும் செய்தால்தான் சிக்கல்.

ஒரு காலத்தில் இன்ஜினைக் கழற்றிப் போட்டு நாள்கணக்கில் வேலை பார்ப்பார்கள். இப்போது ஸ்பேனரே வேண்டாம். லேப்டாப் போதும். டர்போ காரில் காற்றை எவ்வளவு அழுத்தி உள்ளே தள்ளுவது, எவ்வளவு டீசல் பீய்ச்சுவது என்பதை 'ஈசியூ' என்ற குட்டி கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அதற்குள் இருக்கும் கணக்குக்குப் பெயர் 'மேப்'. அந்தக் கணக்கை மாற்றி எழுதுவதுதான் 'ரீமேப்'. டர்போ இல்லாத காரில் இதைச் செய்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. டர்போ இருந்தால் காற்றையும் டீசலையும் கூட்டிவிடலாம். மிதித்தால் சீறும்.

கம்பெனிக்காரன் சும்மா விட்டு வைத்த பவரா அது? இல்லை. மட்டமான டீசல், மே மாத வெயில், முழு லோடு, ஊட்டி மலை, எல்லாவற்றையும் தாங்கட்டும் என்று ஒதுக்கி வைத்த தெம்பு. ரீமேப் கைவைப்பது அந்தத் தெம்பில்தான்.

எப்படி பாஸ் ஆகிறது?

இங்கேதான் வேடிக்கை. மேப் மாற்றிய காரும் பங்க் பக்கத்தில் இருக்கும் புகை சென்டருக்குப் போய் ஜம்மென்று சர்டிபிகேட் வாங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் காசு விளையாடுகிறது என்று அர்த்தமில்லை. வண்டியைப் பார்க்காமலே சர்டிபிகேட் கொடுத்த புகார்கள் பல ஊர்களில் வந்ததால்தான் நம்பர் பிளேட் போட்டோ, ஆன்லைன் பதிவு எல்லாம் வந்தது. ஆனால் மிஷினும் நேர்மை, ஆபரேட்டரும் நேர்மை என்றாலும் இந்தக் கார் பாஸ் ஆக முடியும்.

காரணம் டெஸ்ட் நடக்கும் விதம். டீசல் காரை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரைச் சில தடவை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு கருப்பு என்று மட்டும் பார்க்கிறார்கள். பி.எஸ்-4 காருக்கு 50 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கார்களுக்கு 65. பெட்ரோல் காரிலும் நின்ற இடத்தில்தான் அளவு. பி.எஸ்-4 கார் என்றால் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் டர்போ முழு வேகத்தில் வேலை செய்யும். மாற்றிய மேப்பும் அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும். நிற்கிற காருக்கு லோடே கிடையாது. அதிலும் டீசல் காரின் பெரிய வில்லன் நைட்ரஜன் ஆக்சைடு. நுரையீரலை அரிக்கும் அந்த வாயுவை இந்த டெஸ்ட் அளப்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு யார்தான் பெயில் ஆவார்கள்?

பெரிய கம்பெனியே செய்த வேலை

லோக்கல் ஷெட்டை மட்டும் திட்டிப் பயனில்லை. இதைவிடப் பெரிய தில்லுமுல்லை உலகப் புகழ் போக்ஸ்வேகன் கம்பெனியே செய்தது. டெஸ்ட் நடக்கிறது என்று காரே மோப்பம் பிடித்து, அந்த நேரத்துக்கு மட்டும் நல்ல பிள்ளையாக மாறும்படி சாப்ட்வேர் எழுதி வைத்திருந்தது. ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காருக்குள்ளேயே கருவியை வைத்து, நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு நோட்டீஸ் விட்டது. சில கார்கள் ரோட்டில் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு கக்கின என்றது. உலகம் முழுக்கச் சிக்கியது சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்.

இந்தியாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, கட்டாய நடவடிக்கைக்கு அதே ஆண்டு மே மாதமே தடை கிடைத்தது. பெரிய கைக்கு கோர்ட் இருக்கிறது. கால் டாக்சி டிரைவருக்கு?

அடி விழுவது எங்கே?

ஆசைக்கு ரீமேப் செய்த முதல் ஓனர் இரண்டு மூன்று வருடம் பறந்துவிட்டு காரைத் தள்ளிவிடுகிறார். கடன் வாங்கி அதை எடுப்பது பிழைப்புக்கு ஓட்டுபவர். மாருதி கம்பெனி 2020-ல் டீசல் காரையே நிறுத்திவிட்டது. அந்தப் பழைய 1.3 லிட்டர் டர்போ டீசல்களுக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் இன்றும் கிராக்கி. பிக்கப் பிரமாதமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கினால், கொஞ்ச நாளில் கிளட்ச் வழுக்கும். அடுத்து டர்போ போகும். அதற்கு ஆகும் செலவில் பல மாத டியூ கட்டிவிடலாம்.

சட்டமும் லேசுப்பட்டதல்ல. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம். புகை அளவு மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில், 3 மாதத்துக்கு லைசென்சும் கட். அந்தக் கேஸ் ஓட்டுகிறவர் மேல் பாயும். மேப்பை மாற்றியது யார் என்று ரோட்டில் நிறுத்தும் அதிகாரி விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாத டிரைவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

பி.எஸ்-6 டீசல் காரில் இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் இருந்து வரும் இந்தக் கார்களில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் பில்டர் உண்டு. அது அடைத்துக்கொண்டால் மாற்றக் காசு அதிகம் என்று, சிலர் உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, லைட் எரியாதபடி மேப்பையும் மாற்றிவிடுகிறார்கள். வெளியே டப்பா அப்படியே இருக்கும். வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

புதுக் கார்களுக்கு அனுமதி கொடுக்கும்போது நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் விதி 2023 ஏப்ரலில் வந்துவிட்டது. ஆனால் அது கம்பெனி மாடலுக்குத்தான். விற்ற பிறகு ஷெட்டில் நடப்பதைப் பிடிக்க மிஞ்சியிருப்பது பங்க் பக்கத்து குழாய்தான்.

செகண்ட் ஹேண்டில் டர்போ டீசல் எடுப்பவர்கள் புகை சர்டிபிகேட்டை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். சைலன்சர் குழாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். பி.எஸ்-6 வண்டியில் விரல் கரியாக வந்தால் பில்டர் இல்லை என்று சந்தேகப்படலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஈசியூ-வை ஒரு தடவை ஸ்கேன் செய்துவிட்டு, அதன்பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.