பழி ஜரிகைமேலா?

பட்டுத் தறி ஓடும் வீடுகளில் யாருக்காவது பார்வை மங்கினால், பழி உடனே ஜரிகைமேல் விழுந்துவிடும். "குழியில் உட்கார்ந்து இழை இழையாகப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும்?" என்பார்கள். நுட்பமான வேலை கண்ணைக் களைக்க வைப்பது வாஸ்தவம். ஆனால் நேற்றுவரை நன்றாகத் தெரிந்த கண், இன்று காலையில் துளி வலியும் இல்லாமல் மங்கிப்போனால் அது தறியின் குற்றமல்ல, சகோதரி. விழித்திரையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம்.

அங்கே ரத்தம் கொண்டுவரும் குழாயும் கொண்டுபோகும் குழாயும் பாவும் ஊடையும்போல ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. பல வருஷ ரத்தக் கொதிப்பினால் முதல் குழாய் தடித்து இறுகி, பக்கத்திலுள்ள மெல்லிய குழாயை நசுக்குகிறது. ரத்தம் தேங்கி உறைகிறது, கசிகிறது. நீரிழிவும், மிகுந்த கொழுப்பும் இதற்குக் கூட்டாளிகள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரத்தம் கொண்டுவரும் குழாயே அடைத்தால் இன்னும் ஆபத்து. இருதயத்திலிருந்தோ கழுத்துக் குழாயிலிருந்தோ ஒரு துணுக்கு வந்து சிக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் விழித்திரை மடியத் தொடங்கும். பக்கவாதத்துக்கு நெருங்கிய உறவு இது. மாகறலில் இருக்கிறீர்களா? ஈசுவரனை அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வீட்டுப் பாட்டிக்குத் தலை வாரும்போது மண்டை வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால், பார்வை மங்குமுன்பே போகவேண்டும். நம் பக்கத்தில் அபூர்வம்தான். வந்தால் இரண்டு கண்ணையும் பறிக்கும்.

1851-ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உலகுக்குக் காட்டினார். கத்தி வைக்காமல் உடம்பின் ரத்தக் குழாய்களை நேரே பார்க்க வாய்த்த இடம் கண்தான். அதனால்தான் கண் டாக்டர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறார். சர்க்கரைக்கும் எழுதித் தருகிறார். 'கண்ணைக் காட்டப் போனால் எதையெதையோ பார்க்கிறாரே' என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்றால் நடுங்கவும் வேண்டாம். மரத்துப்போக முதலில் மருந்து விடுவார்கள். விழித்திரையின் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து அது. ஒரே ஊசியோடு முடியாமலும் போகலாம்.

சுந்தரர் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது கதை. நம் வீடுகளிலோ ஒரு கண் மங்கியதே பல நாள் தெரிவதில்லை. மற்றக் கண் சமாளித்துவிடுகிறது. காலண்டரைக் கிழிக்கும்போது ஒரு கண்ணைப் பொத்தித் தேதியைப் படியுங்கள். பிறகு மறு கண்ணைப் பொத்தியும். மாமியாரையும் படிக்கச் சொல்லுங்கள்.