எழுநூறு சதுர அடியும் ஒரு சிரிப்பும்

சென்ற மாதம் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், திருவொற்றியூர் வீட்டை இடித்துக் கட்ட உள்ளூர் ஆர்க்கிடெக்ட் ஒருவரை அமர்த்தியிருக்கிறேன் என்று. சிரித்தார்கள். 'எழுநூறு சதுர அடிக்கு ஆர்க்கிடெக்டா?' என்றார் ஒருவர். 'பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊரில் வீட்டைப் பற்றி இவ்வளவு கவலையா?' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கவிஞர். அவர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். நம் கொத்தனாரின் கையில் ஆயிரம் வருஷத்து ஞானம் இருக்கிறது, ஆர்க்கிடெக்ட் என்பவன் மேற்கத்தியப் படிப்பு தயாரித்து அனுப்பிய ஆசாமி என்று சிறு பிரசங்கமே செய்தார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால்தான் யோசனை ஓடும் எனக்கு.

முதலில் அந்தச் சிரிப்பு. அடையாற்றில் ஒருவர் இதையே சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். யோசித்துக் கட்ட வேண்டியது தெற்கே இருப்பவர்களின் வீடு. வடக்கே இருப்பவனுக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் போதும். இந்த நினைப்பை எங்களுக்கு வெளியார் மட்டும் கற்றுத்தரவில்லை, நாங்களே நம்பிவிட்டோம். உண்மை நேர் தலைகீழ். மூவாயிரம் சதுர அடியில் ஒரு ஜன்னல் தவறினால் இன்னொரு அறைக்குப் போய்விடலாம். எழுநூறு சதுர அடியில் தப்பிக்க வேறு அறை கிடையாது.

எங்கள் பழைய வீட்டை அப்பா 1986இல் கட்டினார். பிளான், பத்திர ஆபீஸ் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. கிழக்குப் பார்த்த மனைக்கு ஒன்று, வடக்குப் பார்த்த மனைக்கு ஒன்று என்று அங்கே தயாராக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பிளானுக்குக் கடல் தெரியாது, மணலி தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை, அம்மாவின் கட்டில் ஓரத்தில் கூரையிலிருந்து காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. அம்மா பால் வாங்க எழுந்து போயிருந்தாள். மேலே பார்த்தால் கம்பிகள், துருவில் ஊதி, இலை இலையாக உரிந்துகொண்டு.

இதில் மர்மம் எதுவுமில்லை. உப்பு காங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை எட்டுகிறது. துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னைப் போர்த்தியிருப்பதைப் பிளந்துவிடுகிறது. எட்ட எத்தனை வருஷமாகும் என்பது காங்கிரீட்டின் நெருக்கத்தையும் கம்பியை மூடியிருக்கும் கனத்தையும் பொறுத்தது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, அதன் 2000ஆம் வருஷப் பதிப்பில், கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் காங்கிரீட்டுக்கு எம்-30 தரமும் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. அப்பா கட்டியபோது அந்தப் பதிப்பு இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கும் எங்கள் தெருவில் தளம் போடும்போது போய்ப் பார்க்கிறேன். அதே ஒன்று-ஒன்றரை-மூன்று கலவை, அதே 20 மில்லிமீட்டர், சில இடத்தில் அதுவும் இல்லை.

இனி, கவிஞரின் கொத்தனார். அவர் சொல்லும் ஞானம் இருந்தது, மறுக்கவில்லை. ராயபுரத்துப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸைப் பாருங்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் போட்ட தளம். துருப்பிடிக்க அதில் கம்பியே இல்லை. அந்தக் கைக்குச் சுண்ணாம்பு தெரியும். அந்தக் கையில் சிமெண்டையும் கம்பியையும் திணித்துச் சதுர அடி ரேட்டும் பேசிவிட்டு, ஞானம் மட்டும் தானாகத் தொடரும் என்று எதிர்பார்ப்பது பாமரத்தனம். மேஸ்திரி குற்றவாளியல்ல. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேற்கத்தியப் படிப்பு என்ற வாதத்துக்கு லாரி பேக்கர் ஒருவர் போதும். பிறந்ததும் படித்ததும் இங்கிலாந்தில். இறந்தது 2007இல் திருவனந்தபுரத்தில். நம் நண்பர்கள் அவரைப் பற்றி உருகுவார்கள், குடியிருப்பது பெட்டி வீட்டில். உள்ளூர் என்பது ஜாதகத்தில் இருப்பதல்ல. இடத்தில் வந்து நின்று பார்ப்பதுதான் உள்ளூர்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட் சட்டம் காப்பது பட்டப்பெயரை, தொழிலை அல்ல. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, வீடு வரையலாம். 2024 ஜூலையிலிருந்து, 2500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3500 சதுர அடிவரை வீடு கட்டச் சுயசான்று போதும், அனுமதி உடனே கிடைக்கும். அலைச்சல் குறைந்தது, சந்தோஷம். ஆனால் 'சுயம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பார்க்கவேண்டிய பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

ஆர்க்கிடெக்டுகளையும் விட்டுவிட முடியாது. முதலில் நான் போய்ப் பார்த்தவர் கண்ணாடி முகப்புகளாகப் படம் காட்டினார்; திருவொற்றியூர் எண்ணூருக்கு அந்தப்புறமா என்று கேட்டார். இரண்டாமவர் காலடிப்பேட்டைக்காரர். பதினைந்து நாள் ஒரு கோடுகூடப் போடவில்லை. மத்தியானம் ஒரு தரம், இரவு ஒரு தரம் வந்து நின்றார். மேற்கே மணலி நெடி எந்த நேரத்தில் வருகிறது, கிழக்கிலிருந்து கடல்காற்று எப்போது திரும்புகிறது, அம்மா துணி எங்கே உலர்த்துகிறாள் என்று கேட்டார். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கலவைக்கும் க்யூரிங்குக்கும் இது ஆகாது, லாரித் தண்ணீர்தான் என்றார். அவர் கூலி மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து. இதுதான் என் ஆடம்பரம்.

ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தேதி. 2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பில் ஒரு பிளாக் இடிந்தது. இருபத்துநான்கு வீடுகள். விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்களுக்கு ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. எனக்கு இருக்கிறது. அதையும் சிரிப்புக்குப் பயந்து நான் விட்டுவிட வேண்டுமா?

கவிதையில் ஒரு வரி இரவல் என்று தெரிந்தால் நாம் பத்துப் பக்கம் எழுதிக் கிழிக்கிறோம். வீடு முழுக்க இரவலாக இருந்தால் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். வாழ்கிற இடத்தில் உருவம் பற்றி அக்கறையில்லாதவன் பக்கத்தில் மட்டும் உருவம் பேசுவது பம்மாத்து. இத்தனை வருஷம் நானும் அந்தப் பம்மாத்தில்தான் இருந்தேன், கட்டிலோரம் காங்கிரீட் விழும்வரை.

அடுத்த வாரம் தளம் போடுகிறோம். 45 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருப்பேன். மேஸ்திரியும் சிரிக்கிறார், ஆனால் அவரும் அளக்கிறார்.