எவ்வளவு வெட்டுவது?

வாட்ஸ் (துளை வழியே கேமரா உதவியுடன் செய்யும் நெஞ்சறுவை) முறையில் நுரையீரல் மடலை அகற்றத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பகுதி துளைகளை எண்ணுவதிலேயே கழிந்தது. நான்கு, மூன்று, இரண்டு என்று குறைந்து, 2010இல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் டியேகோ கொன்சாலெஸ் ரிவாஸ் ஒரே துளை வழியாக லோபெக்டமி (மடல் அகற்றம்) செய்தார். மாநாடுகளில் காணொளிகளுக்குக் கைதட்டல் பலமாகவே கிடைத்தது. சான்றுகள்தாம் தாமதமாக வந்தன. 206 பேரை வைத்து நடந்த டென்மார்க் ஆய்வு, நெஞ்சைத் திறப்பதைவிட வாட்ஸில் வலி குறைவதை 2016இல் காட்டியது. பிரிட்டனின் வயலட் ஆய்வில் 503 பேர். ஐந்தாம் வாரத்திலேயே வாட்ஸ் நோயாளிகளின் உடல் இயக்கம் மேம்பட்டிருந்தது. தொடக்கநிலைப் புற்றுக்கு நெஞ்சைத் திறப்பதா, துளையா என்ற வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இனி வழக்கு, உள்ளே எவ்வளவு வெட்டுவது என்பதில்.

மடலை முழுதாக எடுக்காவிட்டால் அதே இடத்தில் புற்று திரும்புவது மும்மடங்காகிறது என்று 1995இல் ஜின்ஸ்பெர்க் குழு சொன்னது. அந்தத் தீர்ப்பை 2022இல் ஜப்பானிய ஆய்வு அசைத்தது. 2 செ.மீ. வரையிலான கட்டிகள், 1106 நோயாளிகள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு, மடலின் ஒரு பகுதியை (செக்மென்ட்) மட்டும் எடுக்கும் செக்மென்டெக்டமியில் 94.3 சதவீதம், லோபெக்டமியில் 91.1. வியப்பு என்னவென்றால், அதே இடத்தில் புற்று திரும்பியது செக்மென்டெக்டமியில்தான் அதிகம்: 10.5 சதவீதம், மற்றதில் 5.4. மிஞ்சிய நுரையீரல்தான் காப்பாற்றியது என்று சொல்லிவிடலாமா? ஓராண்டு கழித்து மூச்சுத்திறனில் இருந்த வேறுபாடு வெறும் 3.5 சதவீதம், ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததோ 10. லோபெக்டமிக்குப் பின் வேறு நோய்களால் இறந்தவர்கள் ஏன் கூடுதல் என்பதற்குத் திருப்தியான விடை இன்னும் இல்லை.

அடுத்த ஆண்டு வந்த அமெரிக்க ஆய்வில் 697 பேர். நோயற்ற வாழ்வு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அங்கே சிறிதாக வெட்டப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நடந்தது ஆப்பு வடிவில் வெட்டும் வெட்ஜ். நிணநீர்க்கணுக்களில் புற்று இல்லை என்று உறுதியான பிறகே நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இந்த நிபந்தனையை மறந்து முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது ஆபத்து.

செக்மென்டெக்டமியின் சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. செக்மென்டின் தமனியைக் கட்டிவிட்டு ஐசிஜி சாயத்தைச் சிரை வழியே ஏற்றினால், அகச்சிவப்புக் கேமராவில் மற்ற பகுதி பச்சையாக ஒளிரும். வெட்ட வேண்டியது மட்டும் இருண்டிருக்கும். சில நிமிடங்களில் அது மங்கிவிடும். அதற்குள் காட்டரியால் கோடு போட்டாக வேண்டும். ரோபோ கையாக இருந்தாலும் இதே அவசரம்தான்.

நம் அறுவை அறைகளில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பழைய காசநோயால் சுண்ணாம்பேறிய கணுக்கள் தமனியோடு ஒட்டிக் கிடக்கும். 2 செ.மீ. கட்டியோடு வருபவர்களும் இங்கே குறைவு. ஜப்பானிய எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு செக்மென்டெக்டமிக்கும் மார்ஜின் எத்தனை மில்லிமீட்டர், எந்தெந்த நிலையக் கணுக்கள் எடுக்கப்பட்டன, திறந்த அறுவைக்கு மாறியிருந்தால் ஏன் என்ற மூன்றையும் அறுவைக் குறிப்பில் எழுதுங்கள்.