ஆகாய விமானமும் நொய்யல் ஆறும்

போர்வைக்குப் பேர்போன சென்னிமலைக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

சூலூர் விமான தளத்துக்கு 2018ஆம் ஆண்டில் ‘தேஜஸ்’ போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் திட்டத்தில் கோவையும் சேலமும் இடம் பெற்றன. கொங்கு நாட்டு லேத் பட்டறைகளுக்கு விமான வேலை வருகிறது. நல்ல செய்திதான். ஆனால், விமானம் விடும் புகையைப் பற்றிப் பேசுகிறோம். அதைச் செய்யும்போது உண்டாகும் கழிவைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

புளியில் இருக்கும் அமிலம்

விமானத்தின் அலுமினிய பாகங்கள் அரிக்காமல் இருக்க, அவற்றை அமிலத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். மேலே மெல்லிய காப்புத் தோல் படியும். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது குரோமிக் அமிலம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ஐரோப்பிய யூனியனில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது.

‘ஏர்பஸ்’ கம்பெனி மாற்று வழிக்கு மாறியது. கந்தக அமிலத்துடன் டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்தது. நம் வீட்டுப் புளிக்குப் புளிப்புத் தருவதும் அதே டார்டாரிக் அமிலம்தான்!

துருவலும் நூலும்

முழு உலோகக் கட்டியைக் குடைந்துதான் பல பாகங்களைச் செய்கிறார்கள். சில பாகங்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் துருவலாகப் போகிறது. அலுமினியத் துருவலை உருக்கினால், புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆனால், ஒரு ரகத் துருவலுடன் இன்னொரு ரகம் கலந்துவிட்டால் அது மறுபடி விமானத்துக்கு உதவாது. ஆகவே, பட்டறையிலேயே பிரித்து வைக்க வேண்டும்.

தேஜஸின் எடையில் ஏறத்தாழ 45 சதவிகிதம் கார்பன் நூலும் பிசினும் சேர்ந்த பொருள். பிசின் இறுகிய பிறகு, வெட்டி எறிந்த துண்டை உலோகம் போல் உருக்க முடியாது. அளந்து வெட்டுவதே சிக்கனம். நூலின் அருமை நெசவாளருக்குத் தெரியாதா?

நொய்யல் சொல்லும் பாடம்

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. உழவனும் நஷ்டப்பட்டான், தொழிலாளியும் வேலை இழந்தான். கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குப் பிறகே சாயத் தொழில் நிமிர்ந்தது.

சிறு பட்டறை தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பல பட்டறைகளுக்குப் பொது நிலையம் வேண்டும். அதன் செலவில், பாகம் வாங்கும் பெரிய கம்பெனிகளும் பங்கு ஏற்க வேண்டும். முதல் தொட்டியில் அமிலம் ஊற்றுவதற்கு முன்பே இதை அரசாங்கம் செய்து முடிக்கட்டும். கெட்ட ஆற்றைத் திருத்துவதைவிட, கெடாமல் காப்பது மலிவு!